293318625600: ஒரு பெரிய எண்ணின் இயல்புகளைப் படிப்படியாகக் கண்டறிய ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அது எத்தகைய எண் என்று கேட்டால், எண் கோட்பாட்டில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் இணையத்தில் அந்த எண்ணைத் தேடி, அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர்களின் பட்டியலைப் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இரட்டை எண், பகு எண், மிகையெண், ஹர்ஷத் எண் என்று அப்பட்டியல் நீளும். ஆனால் ஒவ்வொரு பெயரும் அந்த எண்ணுக்கு ஏன் பொருந்துகிறது என்பது அதில் இராது. உண்மையில் செய்ய வேண்டிய கடினமான வேலை ஒன்றுதான்: எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது. அதை முடித்துவிட்டால், மற்ற இயல்புகளில் பெரும்பாலானவற்றை அடுக்குகளின் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இக்கட்டுரை 293318625600 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு அந்த வழியைத் தொடக்கத்திலிருந்து காட்டுகிறது.

ஏன் இந்த எண்? சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது எழுதிய நீண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகளைக் கொண்ட எண்களைப் பற்றியது அது. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கும் அவற்றை உயர் பகு எண்கள் என்கிறோம். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வை முன்னிட்டுத்தான். அக்கட்டுரையில் 6746328388800 வரையிலான உயர் பகு எண்களைக் கையாலேயே கணக்கிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட அட்டவணையாக அவர் தந்திருந்தார். அதில் இடம்பெற்றிருக்க வேண்டிய ஒன்றே ஒன்று விடுபட்டுப் போயிற்று, அதுதான் 293318625600. ராமானுஜனின் அட்டவணையில் இடம்பெறும் தகுதி இந்த எண்ணுக்கு உண்டா என்பதைத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளி மாணவர்கூடப் பெருமளவு சோதித்துப் பார்க்க முடியும் என்பதே இதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

தேவையான கருவிகள்

கடைகளில் பயன்படுத்தும் 12 இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் இடைவெளியே இல்லாமல் சரியாக அடங்கும். ஆனால் பின்னர் வரப்போகும் காரணிகளின் கூடுதல் 13 இலக்கம் கொண்டது; அங்கே அந்தக் கால்குலேட்டர் கைவிட்டுவிடும். கணினியின் விரிதாளில் (எக்செல் போன்றவை) 15 இலக்கம் வரை பிழையின்றிக் கணக்கிடலாம். பெரிய எண்ணை அது சுருக்கி அடுக்குக் குறியீட்டில் காட்டினால், அக்கலத்தின் வடிவத்தை 'எண்' என்று மாற்றிக்கொண்டால் போதும்.

நம் வழக்கப்படி படித்தால் இது 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இக்கட்டுரையில் பெரிய எண்களைக் காற்புள்ளி இல்லாமலே எழுதுகிறேன். லட்சம், கோடிக்கான காற்புள்ளி இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரிக்கும். கீழே வரும் ஒரு சோதனைக்கு மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் கலந்தால் குழப்பம் நேரும்.

முதல் படி: கடைசி இலக்கங்களிலிருந்து 2, 5 ஆகியவற்றைப் பிரித்தல்

எண் 600 என்று முடிகிறது. 1000-ஐ 125 மீதியின்றி வகுக்கும் என்பதால், ஓர் எண் 125-ஆல் வகுபடுமா என்பதை அதன் கடைசி மூன்று இலக்கங்களே தீர்மானிக்கும். 600-ஐ 25 வகுக்கும், 125 வகுக்காது. ஆகவே 5-இன் அடுக்கு 2.

2-க்கும் இதே தருக்கம்தான். 10-இன் ஆறாம் அடுக்கை 2-இன் ஆறாம் அடுக்காகிய 64 வகுக்கும். எனவே 64-ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கடைசி ஆறு இலக்கங்கள் போதும். 625600 ÷ 64 = 9775; மீதி இல்லை. அடுத்து 128-க்குக் கடைசி ஏழு இலக்கங்கள்: 8625600-ஐ 128-ஆல் வகுத்தால் 67387 ஈவும் 64 மீதியும் வருகின்றன. ஆகவே 2-இன் அடுக்கு 6. அதற்கு மேல் இல்லை.

இப்போது 64 × 25 = 1600-ஆல் முழு எண்ணையும் வகுத்துவிடலாம். கிடைப்பது 183324141. பன்னிரண்டு இலக்கம் ஒன்பதாகக் குறைந்துவிட்டது. தொடக்கநிலையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியிலும் கண்டறிந்த காரணியால் வகுத்து, எஞ்சிய சிறிய எண்ணோடு மட்டுமே தொடர வேண்டும் என்பது. முதல் எண்ணையே திரும்பத் திரும்பச் சோதிப்பது வீண் உழைப்பு.

இரண்டாம் படி: இலக்கக் கூடுதலைக் கொண்டு 3-ஐப் பிரித்தல்

183324141-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27. ஆகவே 9-ஆல் வகுபடும், வகுத்தால் 20369349. இதன் இலக்கக் கூடுதல் 36. மீண்டும் 9-ஆல் வகுத்தால் 2263261. இதன் இலக்கக் கூடுதல் 22. இனி 3-ஆல் வகுபடாது. இரண்டு முறை 9-ஆல் வகுத்திருப்பதால் 3-இன் அடுக்கு 4.

இலக்கக் கூடுதல் 27 என்பதைக் கண்டதும் எண் 27-ஆல் வகுபடும் என்று முடிவு கட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் வழக்கம். அந்த விதி 3-க்கும் 9-க்கும் மட்டுமே செல்லும். இங்கே எண் 27-ஆல் மட்டுமன்று, 81-ஆலும் வகுபடுகிறது; ஆனால் அது இரண்டாம் முறை வகுத்துப் பார்த்ததால் தெரிந்ததே தவிர, முதற்கூடுதலால் தெரிந்ததன்று.

மூன்றாம் படி: 1001 சோதனை

இந்தப் பயணத்தில் மிக அழகான இடம் இதுதான். 7, 11, 13 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். அதனால் ஓர் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் சிறிய எண், 7, 11, 13 மூன்றுக்குமான சோதனையை ஒரே நேரத்தில் செய்து தந்துவிடும். 2263261-ஐப் பிரித்தால் 2, 263, 261. கணக்கிட்டால் 261 − 263 + 2 = 0. பூச்சியம் என்றால் எண் 1001-ஆலேயே வகுபடுகிறது என்று பொருள். வகுத்தால் 2261.

ஏழு இலக்கம் ஒரே கணத்தில் நான்காகிவிட்டது. ஆனால் 7-ஐக் கண்டுவிட்டோம் என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. பகாக் காரணி ஒன்று மீண்டும் மீண்டும் வரலாம். 2261 ÷ 7 = 323. ஆக 7 இரண்டு முறை வந்திருக்கிறது. 323-ஐ 7-உம் 11-உம் 13-உம் வகுப்பதில்லை. 18-இன் வர்க்கம் 324 என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு 323 = 18² − 1² = 17 × 19 என்பது உடனே தெரியும். தெரியாதவர் 17 வரை வகுத்துப் பார்த்தால் போதும். எஞ்சிய எண்ணின் வர்க்கமூலத்துக்கு மேல் உள்ள பகா எண்களைச் சோதிக்கத் தேவையில்லை என்பது பொது விதி. 323-இன் வர்க்கமூலம் 18-க்குக் கீழே.

முடிவில் கிடைப்பது இதுதான்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் 'ஃபேக்டர்' என்ற கட்டளையைக் கொடுத்து இதைக் கண்சிமிட்டும் நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் ஒரு முறையாவது கையால் செய்துவிட்டுச் சரிபார்ப்பதே நல்லது.

நான்காம் படி: அடுக்குகளைப் படித்தல்

இனி 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்ற எட்டு அடுக்குகளை மட்டும் ஒரு தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல கேள்விகளுக்கு விடை இந்த எட்டு எண்களிலேயே இருக்கிறது.

முதலில் காரணிகளின் எண்ணிக்கை. இந்த எண்ணின் எந்தக் காரணியும் அதே எட்டுப் பகா எண்களால்தான் ஆகியிருக்கும். 2-ஐ எடுக்காமலோ, ஒரு முறை முதல் ஆறு முறை வரையிலோ எடுக்கலாம். ஆக 7 வழிகள். 3-க்கு 5 வழிகள், 5-க்கும் 7-க்கும் தலா 3 வழிகள், எஞ்சிய நான்குக்கும் தலா 2 வழிகள். பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஆகவே இந்த எண்ணுக்கு 1-உம் தானும் உட்பட 5040 காரணிகள். 5040 என்பதே ஓர் உயர் பகு எண் என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்; 1 முதல் 7 வரையிலான எண்களின் பெருக்கற்பலன் அது, அதற்கு 60 காரணிகள்.

அடுத்து, வர்க்க எண்ணா என்ற கேள்வி. எல்லா அடுக்குகளும் இரட்டையாக இருந்தால்தான் ஓர் எண் வர்க்க எண்ணாகும். இங்கே கடைசி நான்கும் 1. ஆகவே இது வர்க்க எண் அன்று. ஆனால் முதல் நான்கு அடுக்குகளும் இரட்டை; அவற்றைப் பாதியாக்கினால் 2³ × 3² × 5 × 7 = 2520. எனவே

293318625600 = 2520² × 46189

என்று எழுதலாம், 46189 என்பது 11, 13, 17, 19 ஆகியவற்றின் பெருக்கற்பலன். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். மேலும், வர்க்கமல்லாத எண்ணில் காரணிகள் ஒவ்வொன்றும் வர்க்கமூலத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இணை இணையாக அமையும். நம் எண்ணின் வர்க்கமூலம் 541589-ஐ ஒட்டியது, 5040 காரணிகளில் சரிபாதி அதற்குக் கீழே. அந்தச் சரிபாதியும் 2520. ஒரே எண் இரண்டு வெவ்வேறு வழிகளில் வந்து நிற்பதற்கு ஆழ்ந்த காரணம் எதையும் தேட வேண்டியதில்லை, தற்செயல்தான். எண்களோடு பழகுபவர்கள் இத்தகைய தற்செயல்களை ரசிக்கலாம், ஆனால் தேற்றமாக நினைத்துவிடக் கூடாது.

தொடர்ச்சியாக எந்த எண் வரை இதை வகுக்கும் என்பதையும் அடுக்குகளே சொல்கின்றன. 1 முதல் 20 வரையிலான எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. நம் எண் அதைப் போல 1260 மடங்கு. 21-உம் 22-உம் உள்ளே இருக்கும் பகா எண்களாலேயே ஆனவை. ஆகவே 22 வரை தடையில்லை. 23 என்ற பகா எண் வரிசையில் இல்லை. முதல் தடை அங்கேதான். இந்த 23-க்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

ஐந்தாம் படி: காரணிகளின் கூடுதல்

ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணைத் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டினால், கூடுதல் அந்த எண்ணுக்குச் சமமானால் அது நிறைவெண், குறைந்தால் குறைவெண், மிஞ்சினால் மிகையெண். கிரேக்கர் காலத்திலிருந்தே வரும் பகுப்பு இது. 5040 காரணிகளையும் எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1 முதல் அதன் உச்ச அடுக்கு வரையிலானவற்றைக் கூட்டி, அக்கூடுதல்களைப் பெருக்கினால் போதும். 2-க்கு 1 + 2 + 4 + 8 + 16 + 32 + 64 = 127. 3-க்கு 121, 5-க்கு 31, 7-க்கு 57. எஞ்சியவற்றுக்கு 12, 14, 18, 20. இந்தப் பெருக்கலை விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு காரணியும் ஒரே ஒரு முறை வரும் என்பதே இம்முறையின் அடிப்படை.

127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 = 1642243014720

இதில் நம் எண்ணைக் கழித்தால் 1348924389120. இது நம் எண்ணைவிட நான்கரை மடங்குக்கும் சற்று மிகுதி. ஐயத்துக்கு இடமின்றி இது மிகையெண். 6-க்கு மேற்பட்ட உயர் பகு எண்கள் அனைத்தும் மிகையெண்களே என்பதால் இதில் வியப்பில்லை. விகிதம் எவ்வளவு என்பதுதான் கவனிக்கத்தக்கது. எல்லாக் காரணிகளின் கூடுதலை எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 5.599. இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் தேவைப்படும்.

ஆய்லரின் சார்பையும் இதே வேகத்தில் கண்டுவிடலாம். நம் எண்ணைவிடச் சிறியவையாகவும் அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாதவையாகவும் உள்ள எண்கள் எத்தனை என்பதே அது சொல்வது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அடுக்கில் ஒன்றைக் குறைத்து, பகா எண்ணில் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும். விடை 50164531200. நூற்றுக்குப் பதினேழு எண்களே நம் எண்ணோடு ஒட்டாதவை; மற்றவை ஏதேனும் ஒரு பகாக் காரணியைப் பகிர்ந்துகொள்கின்றன.

நடைமுறை எண் என்ற வகையையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏ. கே. ஸ்ரீனிவாசன் 1948-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் அறிமுகப்படுத்திய வகை இது. தன்னைவிடச் சிறிய ஒவ்வொரு எண்ணையும் தன் வெவ்வேறு காரணிகளின் கூடுதலாக எழுத முடிந்தால் ஓர் எண் நடைமுறை எண்ணாகும். பகா எண்களை ஏறுவரிசையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய பகுதியின் காரணிக் கூடுதலோடு 1-ஐச் சேர்த்தால் வருவதை மிஞ்சாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. 2-இன் பகுதியே 127 தருகிறது, 3 அதற்குள் அடங்கும், அடுத்து 15367, 5 அடங்கும், பின்னர் வருபவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆகவே 23 நம் எண்ணின் காரணியாக இல்லாவிட்டாலும் 19 + 4 என்று அதை எழுதிவிடலாம். 97-ஐ 81 + 16 என்று எழுதலாம்.

ஆறாம் படி: உயர் பகு எண்தானா என்று சோதித்தல்

ஓர் எண் உயர் பகு எண் என்று சொல்ல, அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 காரணிகள் இல்லை என்று காட்ட வேண்டும். 29331 கோடி எண்களையும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை.

முதல் வடிகட்டி, அடுக்குகளின் ஒழுங்கு. காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டுமே பொறுத்தது, எந்தப் பகா எண்ணுக்கு எந்த அடுக்கு என்பதைப் பொறுத்ததன்று. ஆகவே பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்தால் எண் சிறிதாகும், காரணிகளின் எண்ணிக்கை மாறாது. இதிலிருந்து, உயர் பகு எண்ணில் அடுக்குகள் ஒருபோதும் ஏறக்கூடாது, இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவும் கூடாது என்பது விளங்கும். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்பதையும் ராமானுஜன் நிறுவினார். 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்பது இந்த நிபந்தனைகளை எல்லாம் நிறைவு செய்கிறது.

இரண்டாம் வடிகட்டி, பகா எண்களின் எண்ணிக்கை. முதல் 11 பகா எண்களின் பெருக்கற்பலன் 200560490130. பன்னிரண்டாவதாக 37-ஐயும் சேர்த்தால் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆக நம் எண்ணோடு போட்டியிடக்கூடிய எண்ணில் அதிகபட்சம் 11 வெவ்வேறு பகா எண்களே இருக்கலாம். இறங்குவரிசை அடுக்குகளும் இந்த வரம்பும் சேர்ந்தால், சோதிக்க வேண்டியவை ஒரு சிறிய கணினி நிரல் நொடிப்பொழுதில் முடித்துவிடும் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன.

கையால் செய்ய விரும்புபவர் பண்டமாற்று முறையைக் கையாளலாம். நம் எண்ணிலிருந்து சில பகா எண்களை எடுத்துவிட்டு, அவற்றுக்கு ஈடாகச் சற்றுக் குறைந்த மதிப்புள்ள வேறு சிலவற்றைப் போட்டுப் பார்ப்பதே அது. எண் சிறிதாகி, காரணிகளின் எண்ணிக்கை 5040-ஐ எட்டினால் நம் எண் தோற்றது. ஒரு 3-ஐ எடுத்துவிட்டு 2-ஐச் சேர்த்தால், 2-க்கான வழிகள் 7-இலிருந்து 8 ஆகும், 3-க்கான வழிகள் 5-இலிருந்து 4 ஆகும், காரணிகள் 4608. தோல்வி நம் எண்ணுக்கில்லை. ஒரு 7-ஐ எடுத்துவிட்டு 2-ஐயும் 3-ஐயும் சேர்த்தாலும் அதே 4608. 7-க்குப் பதில் 5-ஐச் சேர்த்தால் 4480. 5-க்குப் பதில் 2-ஐ இரு முறை சேர்த்தால் 4320.

இனி அந்த 23. புதிய பகா எண் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் காரணிகளின் எண்ணிக்கை ஒரே அடியில் இரட்டிக்கும். ஆகவே வலிமையான போட்டியாளர்கள் 23-ஐக் கொண்டவையாகத்தான் இருக்கும். 2 இரண்டையும் 7 ஒன்றையும் எடுத்துவிட்டு, அதாவது 28-ஐ எடுத்துவிட்டு, 23-ஐப் போடுவோம். எண் 240940299600 என்று குறைகிறது. காரணிகளின் எண்ணிக்கை 5040 × 5/7 × 2/3 × 2 = 4800. மிக நெருங்கிவந்தும் எட்டவில்லை. 2 மூன்றையும் 3 ஒன்றையும் எடுத்துவிட்டுப் போட்டால் 4608; 5-ஐயும் 7-ஐயும் எடுத்துவிட்டுப் போட்டால் 4480. மாறாக, 3-ஐயும் 7-ஐயும், அதாவது 21-ஐ எடுத்துவிட்டு 23-ஐப் போட்டால், காரணிகள் 5040 × 4/5 × 2/3 × 2 = 5376 என்று கூடுகின்றன. ஆனால் 21-க்கு 23 என்றால் எண்ணும் பெரிதாகிறது: 321253732800. அது நம் எண்ணை முறியடிப்பதில்லை, நமக்கு அடுத்து வரும் உயர் பகு எண்ணாக அமைகிறது. 4800 காரணிகள் கொண்ட 240940299600 நமக்கு முந்தைய உயர் பகு எண்.

இந்த இரண்டு அண்டை எண்களிலும் 23 இருக்கிறது, 7 ஒரு முறைதான் வருகிறது. நடுவில் நிற்கும் நம் எண்ணோ 19-உடன் நின்றுவிட்டு 7-ஐ இருமுறை வைத்திருக்கிறது. 19-உடன் நிற்கும் குடும்பமும் 23 வரை செல்லும் குடும்பமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பகுதி இது. பட்டியல் தயாரிப்பவர் இரண்டு குடும்பங்களையும் ஒருங்கே கவனித்தாக வேண்டும்.

ஒரு மகுடம் இருந்தால் எல்லா மகுடமும் இருக்குமா?

இருக்காது, புதியவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. ராமானுஜன் அதே கட்டுரையில் உயர் பகு எண்களுக்குள்ளேயே இன்னும் கடுமையான ஒரு வகையைப் பிரித்தார். மேலான உயர் பகு எண்கள் என்று அவற்றைச் சொல்லலாம். எண்ணின் ஏதேனும் ஒரு நேர்ம அடுக்கால் காரணிகளின் எண்ணிக்கையை வகுத்து, அந்த விகிதத்தில் தனக்கு முன்னும் பின்னும் உள்ள எல்லா எண்களையும் வெல்லும் எண்கள் அவை. 13967553600 அத்தகையது, அதை 23-ஆல் பெருக்கினால் வரும் 321253732800-உம் அத்தகையது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் நம் எண் அந்த வகையில் சேராது.

காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதில், காரணிகளின் கூடுதலை எண்ணால் வகுத்த விகிதத்தை வைத்துப் போட்டி நடத்தினால் வேறொரு வகை கிடைக்கும். கணிதவியலாளர்கள் லியோனிடாஸ் அலாவோக்லுவும் பால் எர்டோஷும் 1944-இல் விரிவாக ஆராய்ந்த மீமிகையெண்கள் அவை: தன்னைவிடச் சிறிய எந்த எண்ணின் விகிதமும் தன் விகிதத்தை எட்டாத எண்கள். நம் எண்ணின் விகிதம் 5.599 என்று கண்டோம். இதைவிட மிகச் சிறிய 160626866400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; 321253732800-இன் பாதி அது. 2⁵ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23 என்று பிரியும் அந்த எண்ணுக்கு 4608 காரணிகளே உண்டு. ஆனால் அதன் விகிதம் ஏறத்தாழ 5.648. நம் எண் தோற்றுவிட்டது. காரணிகளை எண்ணும்போது 7-ஐ இரண்டாம் முறை எடுத்தது ஆதாயமாக இருந்தது; காரணிகளைக் கூட்டும்போது புதிதாக ஒரு 23-ஐச் சேர்ப்பதே அதிக ஆதாயம். ஆகவே நம் எண் உயர் பகு எண், மீமிகையெண் அன்று.

ஏழாம் படி: எஞ்சிய சில வகைகள்

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண்கள் அனைத்தும் இரட்டை அடுக்கில் இருந்தால்தான் முடியும். 3-உம் 7-உம் அந்த நிபந்தனைக்கு உட்படுகின்றன. 11-உம் 19-உம் ஒற்றை அடுக்கில் நின்று கெடுத்துவிடுகின்றன. முடியாது. மூன்று வர்க்கங்களின் கூடுதலாக? லெஜாந்தரின் தேற்றப்படி, 4-ஆல் முடிந்தவரை வகுத்தபின் எஞ்சுவதை 8-ஆல் வகுத்தால் 7 மீதி வந்தால் மட்டுமே முடியாது. நம் எண்ணை 64-ஆல் வகுத்தால் 4583103525. இதன் கடைசி மூன்று இலக்கங்களாகிய 525-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே முடியும்.

ஹர்ஷத் எண்ணா என்றால், ஆம். தேவ்லாலியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் த. ரா. காப்ரேகர் பெயரிட்ட வகை இது: தன் இலக்கக் கூடுதலால் வகுபடும் எண். நம் எண்ணின் இலக்கக் கூடுதல் 45. 9-உம் 5-உம் அதை வகுப்பதால் 45-உம் வகுக்கும். ஆனால் இந்த வகைக்கு மற்றவற்றுக்கு இணையான மதிப்பை நான் தரமாட்டேன். பத்தடி முறையில் எழுதுவதால் மட்டுமே தோன்றும் இயல்பு இது. வேறு அடியில் எழுதினால் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். காரணிகளின் எண்ணிக்கையோ எந்த அடியில் எழுதினாலும் 5040தான். இருமத்தில் எழுதினால் நம் எண்ணுக்கு 39 இலக்கங்கள், கடைசி ஆறும் பூச்சியம். அந்த ஆறு பூச்சியமும் 2-இன் அடுக்கு 6 என்பதன் மறுவடிவமே.

பழகிப்பார்க்க ஓர் எண்

735134400-ஐ எடுத்துக்கொண்டு இதே படிகளைத் தொடருங்கள். கடைசி ஆறு இலக்கங்களான 134400-ஐ 64 வகுக்கும். கடைசி மூன்றான 400-ஐ 25 வகுக்கும், 125 வகுக்காது. 1600-ஆல் வகுத்தால் கிடைக்கும் 459459-ஐப் பார்த்த உடனேயே அது 459 × 1001 என்று கண்ணில் பட வேண்டும். 459 என்பது 27 × 17. அடுக்குகள் 6, 3, 2, 1, 1, 1, 1, காரணிகள் 1344. இதுவும் உயர் பகு எண்தான். 3-இன் அடுக்கு இம்முறை ஒற்றைப்படை என்பதால் வர்க்கப் பகுதி 120² என்று சுருங்கி, 51051 எஞ்சி நிற்கும். பண்டமாற்று முறையில் இதை முறியடிக்க முயலும்போது, 17-க்குப் பதில் 19 என்றும், எண்ணிலிருந்து 20, 21, 24 ஆகியவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு 19 என்றும் மாற்றிப் பாருங்கள். முதல் மாற்றத்தில் எண் பெரிதாகும், காரணிகளின் எண்ணிக்கை மாறாது. மற்ற மூன்றில் எண் சிறிதாகும்; காரணிகள் முறையே 1280, 1008, 1152 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.